கனம் தின்னும் கொடுவா

கழிமுகத்துக் கொடுவா மீன்கள் மட்டி பொறுக்கும் பெண்களின் கனத்தைத் தின்னத் தொடங்கிய விஷயம், ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் தராசுக்காரருக்குத் தெரிந்தது. மீன் ஏலக் கொட்டகையில் எடை போடுவது அவர் வேலை. மீனைக் கண்ணால் பார்த்தே எடையைச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் தட்டில் வைப்பார். தராசு முள் அவர் சொன்ன இடத்தில் வந்து நிற்கும். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அவர் மனைவி மட்டி பொறுக்குகிறவள். நீர் வற்றும் நேரம் பார்த்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, காலால் துழாவி, மூச்சை அடக்கிக் குனிந்து மட்டிச் சிப்பியை எடுத்து இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு வருவாள். கொடுவா அவள் கனத்தைத் தின்றுகொண்டிருந்த காலம் முழுக்க, அதே கொடுவாவை அவர் எடை போட்டுக்கொண்டிருந்தார்.

மீனைக் குற்றம் சொல்ல முடியாது. கொடுவாவுக்கு வாய் பெரிது, பொறுமை கொஞ்சம். ஒரு காலத்தில் எதிர்க்கரை முழுக்க அலையாத்தி மரங்கள் நின்றன. அவற்றின் வேர்களுக்கு நடுவே மடவைக் குஞ்சும் நெத்திலியும் பொடி இறாலும் மொய்க்கும். வேரை விட்டு வெளியே வந்தவற்றைக் கொடுவா விழுங்கும். உள்ளே தப்பியவை வளர்ந்து கடலுக்குப் போய்ச் சேரும். இந்த ஏற்பாடு யாருக்கும் தொந்தரவு இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. பிறகு சிலர் வந்து மரங்களை வெட்டி, வரப்புக் கட்டி, இறால் குளங்கள் போட்டார்கள். ஒளிய இடம் இல்லாமல் போன குஞ்சுகளில் பாதியை மீன்கள் தின்றன. மீதியைக் கொசு நுழையாத வலையால் அரித்தெடுத்துக் குளத்து இறாலுக்குத் தீனியாக அரைத்தார்கள். அந்த வலையை இழுக்க உள்ளூர் ஆட்களும் போனார்கள். யார் யார் என்று இப்போது கேட்டால் யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். கடைசியில் ஒரு நோய் வந்து குளத்து இறாலும் செத்தது. குளம் போட்டவர்கள் பம்புசெட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு வேறு ஊர் பார்த்துப் போனார்கள். பசியோடு கொடுவா மட்டும் மிச்சம்.

மீன்வளத் துறையிலிருந்து ஒரு அம்மாள் வந்து மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்ப்பது வழக்கம். ஊர் அவருக்கு வயிற்று டாக்டர் என்று பெயர் வைத்திருந்தது. அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. கொட்டகையின் ஓரத்தில் அவருக்கு என்று ஒரு மேசையும் குழாயும் உண்டு. முன்பெல்லாம் கொடுவா வயிற்றில் மடவைதான் இருக்கும். மடவை அற்றுப்போனதும் நண்டு இருந்தது. பிறகு தவளை, தும்பி, கரையிலிருந்து தவறி விழுந்த எலி. அதற்குப் பிறகு ஜெல்லி மீன். அது வயிற்றை நிரப்புமே தவிர உடம்பில் ஒட்டாது. அதுவும் போதாமல் கொடுவா தன் சொந்தக் குஞ்சுகளையே தின்றது. அந்த வருஷம் மீன்கள் முள்ளும் தோலுமாக இருந்தன, ஏலக்காரர் கூவுவதற்கே கூச்சப்பட்டார். அடுத்த வருஷம் வயிறுகள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் காலியாக இருந்தன. ஆனால் மீனைத் தூக்கினால் கை வலித்தது. வயிற்று டாக்டர் ஒரு மீனைப் பலமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார்.

தராசுக்காரரின் கண்ணுக்கும் முள்ளுக்கும் சண்டை வந்தது அப்போதுதான். முழ நீள மீனைத் தட்டில் வைத்தால், முள் ஆள் நீள மீனுக்குப் போகும் இடத்துக்குப் போய் நின்றது. அவர் எடைக்கல்லை வைத்துச் சோதித்தார். கல் சரியாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். இவரோ, ‘உப்புக் காற்றில் கல்லும் தேய்ந்து, தராசும் அதே அளவுக்குக் கெட்டிருக்கிறது’ என்று முடிவு செய்து, தராசின் அடியில் இருக்கும் திருகைத் திருகி, மீன் தன் கண்ணுக்குப் பட்ட எடையைக் காட்டும்வரை முள்ளைப் பின்னால் தள்ளிவிட்டார். அதிலிருந்து கொடுவா ஒழுங்காக நின்றது, ஐஸ் உட்பட மற்றதெல்லாம் எடை குறைந்தது. ஐஸ்காரர் தண்ணீர் கலக்கிறார் என்று ஏலக்காரர் சண்டை போட்டார். ஐஸில் தண்ணீர் கலக்காமல் வேறு எதைக் கலப்பது என்று ஐஸ்காரர் திருப்பிக் கேட்டார். தராசுக்காரர் இரண்டு பேரையும் சமாதானம் செய்துவைத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

வீட்டில் மனைவி சந்தோஷமாக இருந்தாள். மட்டி பொறுக்கும் பெண்கள் எல்லோருமே அந்த நாட்களில் சந்தோஷமாக இருந்தார்கள். தண்ணீருக்குள் நிற்கும்போது கெண்டைக்காலில் சின்னதாக ஒரு கூச்சம் வரும், மீனின் உதடு பட்ட மாதிரி. கீறல் இருக்காது, ரத்தம் வராது. அன்று வீடு திரும்பும்போது முழங்கால் வலி குறைந்திருக்கும். வருஷக்கணக்காகச் சேற்றில் நின்று தேய்ந்த முழங்கால்கள் அவை. அப்புறம் சேற்றில் கால் புதைவது நின்றது. பிறகு, பை நிறைய மட்டி இருக்கும்வரை தெருவில் நடக்க முடிந்தது, பையைக் கொட்டிவிட்டால் முடியவில்லை. திரும்பும் வழிக்காக மடியில் கல் கட்டிக்கொண்டார்கள். தெருமுனைக் கடைக்காரர் அவர்களுக்காக வாசலில் நல்ல உருண்டைக் கற்களாகப் பார்த்துக் குவித்து வைத்தார். தராசுக்காரர் இதையெல்லாம் பார்த்தார். இடுப்புவலிக்கு யாரோ புதிதாகச் சொல்லிக்கொடுத்த உடற்பயிற்சி என்று நினைத்தார். ஒருநாள் மனைவி அவர் முன்னால் வந்து நின்று, “என்னங்க, எனக்குக் கனமே இல்லாத மாதிரி இருக்குதுங்க. பாத்துச் சொல்லுங்க” என்றாள். அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தலையைத் தூக்கிப் பார்த்து, கல்யாணத்தன்று மனதுக்குள் சொல்லிக்கொண்ட அதே எடையைச் சொன்னார். “உனக்கு ஒண்ணும் இல்ல. அப்படியேதான் இருக்க.” அவளுக்கு அது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பெண்களில் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிற ஒருத்தி உண்டு. சிரிப்புக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். கோடை முடிந்து காற்று திரும்பிய முதல் நாள், தடுக்கி விழுந்த குழந்தை ஒன்றைத் தூக்கக் குனிந்தபோது அவள் மடிக்கல் நழுவிவிட்டது. கொட்டகைக் கூரைக்கு மேலே, ஐஸ் ஆலையின் புகைபோக்கிக்கு மேலே, கழிமுகத்தைத் தாண்டிக் கடல் பக்கமாகப் போனாள். கடைசியாகப் பார்த்தவர்கள் விசைப்படகுக்காரர்கள். அவள் கையை ஆட்டினாளாம், அவர்களும் ஆட்டினார்களாம். அவளுடைய புருஷன் வெகுநாள் வரைக்கும் மாலையில் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருந்தான், இறங்கி வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

அதே வாரம் தராசுக்காரரின் மனைவி மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது, ஈரப் போர்வை காற்றில் உப்பி அவளையும் சேர்த்துத் தூக்கியது. அவள் தம்பி, அக்கரைக்கு ஆள் ஏற்றும் படகோட்டி, அக்காவைப் பார்க்க அந்த நேரம் மாடிப்படியில் ஏறி வந்தது அவர்கள் அதிர்ஷ்டம். தாவிக் கணுக்காலைப் பிடித்தான். பிடித்த கையோடு, நூல் கட்டிய பலூனை இழுத்துவருகிற மாதிரி தெரு வழியே கொட்டகைக்கு இழுத்து வந்து, “மாமா, அக்காவ ஒருதடவ தட்டுல வெச்சுப் பாருங்க. கண்ணால பாத்தது போதும்” என்றான். தட்டில் வைத்தார்கள். முள் சுழியத்துக்கும் பின்னால், அவர் திருகித் தள்ளிவைத்திருந்த இடத்திலேயே அசையாமல் நின்றது. ஒரு மீனுக்காகத் தராசையே மாற்றத் தெரிந்த தனக்கு, வீட்டில் இருப்பவளை ஒருநாள் கையால் தூக்கிப் பார்க்கத் தோன்றவில்லையே என்று தராசுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. ஏலம் நின்றுபோனது. மனைவிதான், “பரவால்ல விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள்.

வயிற்று டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, விலை சொல்கிற குரலில் விளக்கினார். பசித்த மீன் பிடித்ததைத் தின்னாது, கிடைத்ததைத் தின்னும். முதலில் மடவை, மடவை போனால் நண்டு, நண்டு போனால் தவளை, எதுவும் இல்லாவிட்டால் தண்ணீருக்குள் தினமும் வந்து நிற்பவர்களிடம் என்ன இருக்கிறதோ அது. “இதுல ஆச்சரியப்பட ஒண்ணும் இல்லைங்க. மறுபடி மடவை வந்தா மடவையத்தான் தின்னும். மனுஷக் கனத்துல அதுக்கு அப்படியொண்ணும் ருசி இருக்காது.” போன கனம் திரும்புமா என்று கேட்டதற்கு, அது மேட்டுத் தெருவுக்குப் போயிருக்கும் என்றார்.

மேட்டுத் தெருவில்தான் கொடுவா விலைபோகும். அங்கே அந்த இரண்டு வருஷமாகக் கட்டில்கள் முறிந்துகொண்டிருந்தன. ஏலக்காரர் தன் வீட்டு நாற்காலிகளை எல்லாம் உடைத்துவிட்டுச் சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து சாப்பிட்டார். வக்கீல் ஒருவர் மாடிப்படியோடு சேர்ந்து கீழே வந்தார். கனத்தோடு கூடவே வேறு சிலதும் வந்திருந்தன. நீர் வற்றும் நேரமானால் அந்த வீட்டு ஆட்கள் காரணம் தெரியாமல் எழுந்து ஜன்னலுக்கு வருவார்கள். வழவழப்பான தரையில், சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவதுபோல் ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்தார்கள். அவர்களுக்கெல்லாம் முழங்கால் வலித்தது.

அன்று தராசுக்காரர் கொட்டகையில் இருந்ததிலேயே கனமான கொடுவாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், தானே சுத்தம் செய்து, தானே சமைத்து, மனைவி முன்னால் வைத்தார். அவளை மேசைக்காலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அவள் தட்டைப் பார்த்தாள்.

“இது யாரோட கனங்க?”

“யாருதா இருந்தா என்ன? நீ தரையில நின்னா போதும் எனக்கு.”

“அவ சிரிச்சுக்கிட்டே போனாளே, அவளோடதா இருந்தா? அவளத் தின்னுட்டு நான் நிக்கணுமா?”

அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய் மூடிவைத்தார். அப்படியானால் உன் கனம் எந்த மீனில் இருக்கிறதோ அதைக் கண்டுபிடித்துக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, மறுநாளிலிருந்து கொட்டகைக்கு வந்த ஒவ்வொரு கொடுவாவையும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டும் தூக்கிப் பார்த்தார். வாங்க வந்தவர்கள் வரிசையில் முணுமுணுத்தபடி நின்றார்கள். பல நாள் தூக்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது: ஊரில் உள்ள அத்தனை பொருளின் கனமும் அவர் கைக்குத் தெரியும், மனைவியின் கனம் மட்டும் தெரியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அவளைத் தூக்கியதே இல்லை. எந்த மீனில் வந்தாலும் அவரால் அதை அடையாளம் காண முடியாது. கொட்டகைக்குப் பின்னால் போய் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து அழுதார். அவள் போய்விட்டால் தன்னிடம் அவளைப் பற்றி என்ன மிச்சம் இருக்கும் என்று நினைக்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

வழி சொன்னது மனைவிதான். மடவை வந்தால் கொடுவா மனுஷரை விட்டுவிடும், மரம் வந்தால் மடவை வரும். இது டாக்டரம்மா சொன்னது. எதிர்க்கரையில் மரம் வைக்க முன்பே முயன்றிருந்தார்கள். வரப்பு உடைந்த குளங்களின் சேறு அங்கே ஆழம் தெரியாமல் கிடந்தது; இறங்கிய ஆட்களைக் கயிறு போட்டு மீட்க வேண்டியிருந்தது. “நாங்க இறங்குனா புதைய மாட்டோமே” என்றாள் அவள். மற்ற பெண்களும் சரி என்றார்கள், அவர்களுக்கும் வீட்டில் மேசைக்காலோடு கட்டிக் கிடந்து அலுத்திருந்தது. தம்பியின் படகில் போனார்கள். சேற்றின்மேல் கால்தடம்கூட விழாமல் நடந்தார்கள். ஆனால் அலையாத்தி நாற்று முருங்கைக்காய் மாதிரி நீளமானது, அதைச் சேற்றில் அழுத்தி ஊன்ற வேண்டும். அழுத்தக் கனம் வேண்டுமே. ஒருத்தி நாற்றை அழுத்தினால் நாற்று நின்ற இடத்தில் நிற்க, அவள்தான் மேலே கிளம்பினாள். முதல் நாள் முழுக்க ஒருத்தி மாற்றி ஒருத்தி கிளம்பி, எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு ஒரு நாற்றும் ஊன்றாமல் திரும்பினார்கள்.

மரம் தன் நாற்றை எப்படி நடுகிறது என்று மறுநாள் அவளுக்கு யோசனை வந்தது. உயரத்திலிருந்து கூர்முனை கீழாக விழவிடுகிறது, அவ்வளவுதான். காற்று இருக்கும் நேரமாகப் பார்த்து, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேலே போகலாம், போய் ஒவ்வொன்றாக விடலாம். தராசுக்காரர் முடியவே முடியாது என்றார். இத்தனை நாள் அவளைத் தரையில் பிடித்துவைக்கத்தான் அவர் படாத பாடு பட்டார். இப்போது தன் கையாலேயே கயிற்றை நீட்டி அவளை மேலே விடச் சொன்னால் எப்படி. அவள் கெஞ்சவில்லை, கோபிக்கவும் இல்லை. “வேற யாரு கையிலயாவது கயிறக் குடுத்தா எனக்குப் பயமா இருக்கும். அதான் உங்களக் கேக்கறேன்” என்றாள். அவர் கொட்டகையில் லீவு சொல்லிவிட்டுப் படகில் போய் உட்கார்ந்தார். கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். அவள் மடியில் கட்டிய நாற்றுகளோடு ஏறினாள். நாற்று ஒவ்வொன்றாக விழுந்து சேற்றில் செங்குத்தாகக் குத்தி நின்றது. உள்ளங்கை எரிந்தது, கண்ணை மட்டும் அவர் எடுக்கவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. காற்று உள்ள பிற்பகல்களில் எதிர்க்கரைக்கு மேலே பெண்கள் பறப்பதும், கீழே படகுகளில் புருஷன்களும் அண்ணன் தம்பிகளும் கயிறு பிடித்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவதும் வழக்கமாயிற்று. மேட்டுத் தெருவிலிருந்து கனத்த ஆட்கள் சிலர் வந்து, படகு ஆடாமல் இருக்க நடுவில் உட்கார்ந்துகொண்டார்கள். அது ரொம்ப உதவியாக இருந்தது. முதல் வருஷத்து நாற்றைப் பாசி மூடியது, அடுத்ததை நண்டு தின்றது, அதற்கடுத்தது நின்றது. வேர்கள் முட்டி போட்டு வெளியே வந்தன. ஒரு மாரியின்போது வேர்களுக்கு நடுவே தண்ணீர் தானாகக் கொதிப்பதுபோல் இருந்தது. பார்த்தால் மடவைக் குஞ்சு. வயிற்று டாக்டர் ஒரு கொடுவாவைக் கீறி, உள்ளே இருந்த ஐந்தாறு மடவையை மேசையில் வரிசையாக வைத்து, வேலையில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். கொடுவா பழையபடி கொடுவாவின் எடைக்கு வந்தது. புதிதாக மட்டி பொறுக்க இறங்கிய பெண்களுக்குக் காலில் கூச்சம் வரவில்லை, முழங்கால் வலிதான் வந்தது. பழைய பெண்களுக்குப் போன கனம் திரும்பவில்லை. அதை யாரும் பெரிதாகப் பேசவும் இல்லை.

தராசுக்காரருக்கு மட்டும் ஒரு எண்ணம் உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அவளுக்குக் கனம் திரும்பாது. சரி, தன் கனமாவது போகலாமே. ஒரே காற்றில் இரண்டு பேரும் போகலாம், எங்கே போனாலும் ஒன்றாகப் போகலாம். ஒருநாள் காலை நீர் வற்றும் நேரத்தில் யாரிடமும் சொல்லாமல், சட்டையைக் கழற்றிக் கரையில் வைத்துவிட்டுக் கழிமுகத்தில் இடுப்பளவுத் தண்ணீருக்கு இறங்கி நின்றார். கொடுவாக்கள் வந்தன. ஒன்று முழங்காலுக்கு அருகில் நின்று வாயைத் திறந்தது. பக்கத்தில் மடவைக் கூட்டம் ஒன்று பளிச்சென்று திரும்பியது. கொடுவா இவரை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தின் பின்னால் போயிற்று. அடுத்ததும் போயிற்று. உச்சி வெயில்வரை நின்றார். ஒரு மீனும் அவரைச் சீண்டவில்லை. இதற்காகத்தானே இத்தனை வருஷம் பாடுபட்டோம் என்று சந்தோஷமாக இருந்தது. அவளோடு சேர்ந்து கிளம்ப இனி வழியே இல்லை என்று அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்காமல் நின்றார்.

தம்பியின் படகில் மனைவி தேடிக்கொண்டு வந்தாள்.

“தண்ணிக்குள்ள என்னங்க பண்றீங்க?”

“நிக்கிறேன்.”

“அது தெரியுது. எதுக்கு?”

சொன்னார். அவள் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கமாகக் குனிந்து வேர்த்த தலையைத் துடைத்துவிட்டாள்.

“அதுங்களுக்கு இப்ப வயிறு நிறைஞ்சிருக்கு. உங்களத் தொடாதுங்க,” என்றாள். “நல்லதுதான் விடுங்க. ரெண்டு பேரும் பறந்துட்டா வீட்டுக் கதவ யாரு பூட்டுறது?”

அவர் கரையேறிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, படகிலிருந்து அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்தார். தோளுக்கு எதுவும் தெரியவில்லை. நெற்றியில் அவள் உள்ளங்கையின் சூடு மட்டும் தெரிந்தது. கொட்டகையைத் தாண்டி, கடையைத் தாண்டித் தெருவில் நடந்தார். எதிரே வந்த ஐஸ்காரர் இன்றைக்கு மடவை உண்டா என்று கேட்டார், உண்டு என்றார். வீட்டு நிலைப்படி வந்ததும், “குனிஞ்சுக்கோ” என்றார். அவள் குனிந்துகொண்டாள்.